இரண்டு ஃபிலிம் ஸ்கேனரில் எது மேல்? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யலாம் என்று இறங்குபவர்களுக்கு முதலில் தலையைச் சுற்ற வைப்பது டிபிஐ எண்தான், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. எப்சன் வி600 பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். ப்ளஸ்டெக் 8100 பெட்டியில் 7200. இருபது வருடத்துக்கு முந்தைய நிக்கான் கூல்ஸ்கேன் 5000-ல் வெறும் 4000. எண்ணை நம்பினால் நிக்கான்தான் கடைசி. ஆனால் கோடுகள் அச்சிட்ட அளவுத் தகட்டை வைத்துச் சோதித்தவர்கள் சொல்லும் கணக்கு வேறு. வி600 நிஜமாகப் பிரித்துக் காட்டுவது 1,500–1,600 டிபிஐ வாக்கில். ப்ளஸ்டெக் 3,200-லிருந்து 3,800 வரை. கூல்ஸ்கேன் ஏறக்குறைய 3,900. கடைசியில் நின்றது முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

ஆகவே பெட்டியை மறந்துவிடுங்கள். இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் ஒப்பீட்டுப் படங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஒன்றில் மென்பொருள் தானாகவே கூர்மை ஏற்றியிருக்கும், இன்னொன்றில் ஏற்றியிருக்காது. ஒன்றின் நிறத்தை ஒரு மென்பொருள் மாற்றியிருக்கும், மற்றதை வேறொன்று. அங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடக்கும் போட்டி. ஸ்கேனரை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள்

எந்த ஸ்கேனர் நல்லது என்பதற்கு முன்னால், எந்த நெகட்டிவ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1990-களில் கோடக் கேபி10 மாதிரி ஃபோகஸ் மாற்ற முடியாத கேமராவில் எடுத்த 35 எம்எம் நெகட்டிவ்கள்தான் பல வீடுகளில் கட்டுக்கட்டாக இருக்கும். அந்த லென்ஸ் நெகட்டிவில் பதித்ததே கொஞ்சம். கூல்ஸ்கேனில் போட்டாலும் வி600-ல் போட்டாலும் அதற்கு மேல் ஒன்றும் கிளம்பி வராது. அதே நேரம் ஸ்டுடியோக்காரர் நல்ல எஸ்எல்ஆரில் எடுத்த கல்யாண நெகட்டிவ் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அக்ஃபா க்ளிக் 3 கேமராவில் எடுத்த சதுரமான 120 நெகட்டிவ்கள் தனி ரகம். லென்ஸ் சுமார்தான், ஆனால் ஃபிலிமே பெரிசு.

அடுத்து, எவ்வளவு பெரிய பிரிண்ட் வேண்டும்? அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 35 எம்எம் நெகட்டிவிலிருந்து 4×6 பிரிண்ட் போட நிஜமான 1,270 டிபிஐ போதும். 8×12 வேண்டுமென்றால் 2,540 தேவை. ஆக, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும் ஆல்பத்தில் சின்னப் பிரிண்ட் ஒட்டவும் வி600 தாராளம். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் போனால் அது திணறும். 120 நெகட்டிவின் படம் 56 மிமீ சதுரம் என்பதால் அதே வி600 சுமார் 11 அங்குலச் சதுரப் பிரிண்டுக்குத் தேவையானதைத் தந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே பாதிப் பேருக்கு ஒப்பீடே தேவைப்படாது.

சோதனை நெகட்டிவைத் தேர்ந்தெடுப்பது

தேவைப்படுகிற மீதிப் பாதிக்கு: ஒரே நெகட்டிவ் துண்டு இரண்டு ஸ்கேனருக்கும் போக வேண்டும். நண்பர் வீட்டுக்கோ வேறு ஊருக்கோ பயணம் போகப்போகிற துண்டு என்பதால், தொலைந்தாலும் மனசு கெடாத ஒன்றாக எடுங்கள். தாத்தாவின் ஒரே படம் வேண்டாம்.

ஏற்காட்டில் பனிமூட்டத்தில் எடுத்த படம் கண்ணுக்கு அழகு, சோதனைக்கு உதவாது. அதில் நுணுக்கமும் இல்லை, அழுத்தமான கருப்பும் இல்லை. வேண்டியது மூன்று வகை.

ஒன்று, கூர்மையான படம். உங்களிடம் ஃபிலிம் கேமரா இன்னும் ஓடுகிறதென்றால் ஐஎஸ்ஓ 100 ரோல் ஒன்றைப் போட்டு, ட்ரைபாடில் வைத்து, 50 எம்எம் லென்ஸை எஃப்8-ல் நிறுத்தி எடுங்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி நல்ல பொருள். பட்டையின் வெடிப்பும் இலை நரம்பும் ஃபிரேம் முழுக்கப் பரவியிருக்கும், மூலைகளையும் சோதிக்கலாம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே தெரியும் மலைப்பாதை வளைவுகளையும் சேலத்துக் கட்டடங்களையும் எடுக்கலாம்தான், ஆனால் காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும் மழைக்கு மறுநாள் காலையில் மட்டும். மதியத்துப் புகைமூட்டத்தில் எடுத்தால், குறை ஸ்கேனரிலா காற்றிலா என்று தெரியாது.

இரண்டாவது, அடர்த்தியான நெகட்டிவ். இதற்குக் கல்யாணப் படத்தை விட்டால் வேறு கிடையாது. மாப்பிள்ளை கட்டியிருக்கும் சேலம் வெண்பட்டு வேட்டியின் மேல் ஃபிளாஷ் நேராக அடித்திருக்கும். நெகட்டிவில் அந்த இடம் கன்னங்கரேலென்று இருக்கும், ஸ்கேனரின் விளக்கு அதற்குள் புகுந்து வருவது கஷ்டம். வேட்டியின் மடிப்பும் ஓரத்து ஜரிகையும் தெரிகிறதா, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறதா என்பதுதான் பரீட்சை.

மூன்றாவது, வெளிச்சம் போதாமல் எடுத்த, வெளிறிய நெகட்டிவ். இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எவ்வளவு கிளம்புகிறது, கோடு விழுகிறதா என்று பார்க்க. இதோடு கருப்பு வெள்ளை ஒன்று, ஸ்லைடு ஒன்று கிடைத்தால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் சேலம். பழைய சினிமா ஃபிலிம் துண்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களும் இருக்கக்கூடும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்எம் சினிமா ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட். சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கஷ்டம். அதை ஸ்கேனரில் போட்டு விளையாட வேண்டாம்.

தூசும் பூசணமும்

சேலத்தில் தூசுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் பக்கமென்றால் கேட்கவே வேண்டாம். மாவு மாதிரி நைசான வெள்ளைத் தூசு, ஸ்கேன் செய்தால் ஃபிரேம் முழுக்க நட்சத்திரம் போட்டுவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கையால் அழுத்தும் ரப்பர் புளோயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இது ஒரு தவம்தான்.

மலைமேல் பிரச்சினை வேறு. ஏற்காட்டு ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த நெகட்டிவில் பூசணம் நரம்பு நரம்பாகப் படர்ந்திருக்கும். அதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமே வழிந்து போகும். கடையில் கிடைக்கும் ஃபிலிம் கிளீனரைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, முதலில் படமில்லாத ஓரத்தில் சோதித்த பிறகு துடையுங்கள். சோதனைத் துண்டை முதல் ஸ்கேனுக்கு முன்பே ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, பிறகு புளோயர் தவிர எதையும் படவிடாதீர்கள். நடுவில் துடைத்தால் இரண்டாவது ஸ்கேனர் சும்மா ஜெயித்துவிடும்.

சமதளமும் உயரமும்

பல ஒப்பீடுகள் கெடுவது இந்த இடத்தில்தான், இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வி600 மாதிரி கண்ணாடித் தளத்தின் மேல் ஃபிலிமை வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனரில் ஃபோகஸ் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். கண்ணாடிக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் ஃபிலிம் நிற்க வேண்டும் என்பது ஃபிலிமைப் பிடித்திருக்கும் சட்டமான ஹோல்டரின் கணக்கு. அந்த உயரம் கொஞ்சம் பிசகினாலும் படம் மங்கும். ஒரே மாடலில் இரண்டு ஸ்கேனர் வாங்கினாலும் சரியான உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எப்சனின் இன்னொரு மாடலான வி850-ன் ஹோல்டரில் உயரத்தை மாற்ற ஏற்பாடு இருக்கிறது, வி600-ல் கிடையாது. இல்லாவிட்டால் தாள் இருக்கிறது. சாதாரண 75 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மிமீ தடிமன். அதைக் கீற்றாக வெட்டி ஹோல்டரின் நான்கு மூலைகளுக்கும் அடியில் வையுங்கள். முதலில் தாள் இல்லாமல் ஒரு ஸ்கேன், பிறகு மூன்று தாள், ஆறு தாள், பத்து தாள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த உயரத்தில் ஃபிலிமின் மணல்மணலான தன்மை கூராகத் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஸ்கேனரின் இடம். இதைச் செய்யாமல் பிளாட்பெட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

கூல்ஸ்கேன் தானாக ஃபோகஸ் செய்யும். ஆனால் ஃபிலிம் வளைந்திருந்தால் நடு கூராகவும் மூலை மங்கலாகவும் வரும். ஃபோகஸ் புள்ளியை நடுவுக்கும் மூலைக்கும் இடையில் எங்காவது வைப்பது வழக்கம். ப்ளஸ்டெக்கில் ஃபோகஸ் நிலையானது, மாற்ற வழியில்லை. எதுவானாலும் சுருண்ட நெகட்டிவை உறையில் போட்டு கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஃபிலிம் நேராகக் கண்ணாடியில் படும்படி வைத்தால் எண்ணெய்ப் படலம் மாதிரி வட்டவட்டமான நிறவளையங்கள் வரும், அதுவும் ஆகாது.

எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்

மென்பொருளில் கூர்மை, தூசு நீக்கம், கிரெய்ன் என்கிற மணல்மணல் தன்மையின் குறைப்பு, நிறம் மீட்பு, தானியங்கி வெளிச்சம் என்று ஒரு பட்டாளம் இருக்கும். சோதனைக்கு எல்லாம் வேண்டாம். இரண்டு ஸ்கேனரையும் ஒரே மென்பொருளில் ஓட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வியூஸ்கேன் இந்த விஷயத்தில் கைகொடுக்கும், பழைய கூல்ஸ்கேனைக்கூட இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டிவிடும்.

நெகட்டிவை நெகட்டிவ் என்று சொல்லாமல் பாசிட்டிவ் என்று சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். ஆரஞ்சு நிறத்தில், வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகத்தான் வரும். வரட்டும். 48 பிட் நிறம், டிஃப் ஃபைல். பிறகு இரண்டு ஃபைலையும் ஒரே கருவியில், ஒரே முறையில் திருப்பிக்கொள்ளலாம். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் நெகாடாக்டர் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. இப்படிச் செய்தால் ‘எப்சன் நிறம் குளிர்ச்சி, நிக்கான் நிறம் சூடு’ என்ற பேச்சில் முக்கால்வாசி காணாமல் போய்விடும்.

வி700 போன்ற பழைய மாடல்களில் குழல் விளக்கு. கால் மணி நேரமாவது எரிந்து சூடான பிறகு ஸ்கேன் செய்யுங்கள். வி600, வி850-ல் எல்இடி, காத்திருக்கத் தேவையில்லை.

நிஜமான டிபிஐ-ஐக் கண்டுபிடிப்பது

காசு செலவழிக்காத வழியை முதலில் சொல்கிறேன். கூர்மையான நெகட்டிவை ஸ்கேனர் சொல்லும் அதிகபட்ச டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், வி600 என்றால் 6400. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் திறந்து ஒரு நகல் எடுத்து, நகலை 2400 அளவுக்குச் சுருக்கி, மறுபடி 6400 அளவுக்குப் பெரிதாக்குங்கள். இப்போது அசலின் மேல் நகலை லேயராக வைத்து, லேயர் முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கருப்பாகிவிடும். இலையின் ஓரமோ பட்டையின் வெடிப்போ கோடாகத் தெரிந்தால், சுருக்கியதில் தகவல் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் இரைச்சல் மட்டும் தெரிந்தால் 2400-க்கு மேல் அந்த ஸ்கேனர் கொடுத்ததெல்லாம் காற்று. 1600, 2000, 3200 என்று மாற்றி மாற்றிப் பார்த்து, கோடுகள் மறையும் இடத்தைப் பிடித்துவிடலாம்.

துல்லியமான எண் வேண்டுமென்றால் யுஎஸ்ஏஎஃப் 1951 என்ற அளவுத் தகடு வாங்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் மூன்று மூன்று கோடாகச் சிறுத்துக்கொண்டே போகும், குரூப், எலிமென்ட் என்று எண் போட்டிருக்கும். கோடுகள் தனித்தனியாகத் தெரியும் கடைசி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குரூப் 5, எலிமென்ட் 1 என்றால் மில்லிமீட்டருக்கு 32 ஜோடிக் கோடு. அதை 50.8-ஆல் பெருக்கினால் 1,626 டிபிஐ. குரூப் 5, எலிமென்ட் 4 என்றால் 2,299. குரூப் 6, எலிமென்ட் 1 என்றால் 3,251. அதே குரூப்பில் எலிமென்ட் 3 வரை தெரிந்தால் 4,096. கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பாருங்கள். ஒரு திசையில் சென்சார் வேலை செய்கிறது, இன்னொரு திசையில் மோட்டார் நகர்த்துகிறது, இரண்டும் ஒரே எண்ணைத் தராது. குறைந்ததை எடுத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஒப்பிடும்போது இரண்டு படத்தையும் ஒரே பிக்சல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 7200-ல் எடுத்ததை 100 சதவீதத்தில் பார்த்தால் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். 4000-ல் எடுத்தது கூராகத் தெரியும். அது அளவின் கண்கட்டு. தவிர, 7200-ல் 48 பிட்டாக ஒரு 35 எம்எம் ஃபிரேம் 400 எம்பியைத் தாண்டும். சோதனை முடிந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெண்பட்டு வேட்டிக்கு வருவோம்

ஸ்கேனர் விளம்பரங்களில் டிமேக்ஸ் என்று ஒரு எண் வரும். வி600-க்கு 3.4, வி850-க்கு 4.0. எவ்வளவு அடர்த்தியான ஃபிலிமுக்குள் ஊடுருவும் என்பதற்கான மடக்கை எண் அது. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம், 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதையும் அப்படியே நம்ப வேண்டாம். கலர் நெகட்டிவின் அடர்த்தி பொதுவாக 3-ஐத் தாண்டாது, அதனால் நெகட்டிவ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. ஸ்லைடுகளில் இருட்டுப் பகுதி 3.5 வரை போகும், அங்கேதான் ஸ்கேனரின் சாயம் வெளுக்கும்.

பார்க்க வேண்டியது இது: திருப்பிய படத்தில் வேட்டியின் மடிப்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டிலும் கான்ட்ராஸ்டை ஒரே அளவு ஏற்றுங்கள். மடிப்பின் நிழல் வரி வரியாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல ஸ்கேனர். மணல் வாரி இறைத்தது போலவோ, நேர்கோடாகப் பட்டை பட்டையாகவோ வந்தால் சென்சார் திணறியிருக்கிறது. வேட்டிக்கும் பக்கத்தில் நிற்பவரின் கருப்பு பேண்ட்டுக்கும் இடையிலான விளிம்பில் புகை மாதிரி கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேனருக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடியில் தூசு படிந்திருந்தால் அந்தக் கசிவு வரும். பழைய மெஷின்களில் சகஜம்.

தூசு நீக்கத்தைத் தனியாகச் சோதியுங்கள்

டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி அகச்சிவப்பு ஒளியால் தூசையும் கீறலையும் கண்டுபிடித்து மறைக்கும். வி600, வி850, கூல்ஸ்கேன் எல்லாவற்றிலும் உண்டு. ப்ளஸ்டெக் 8100-ல் அகச்சிவப்பே கிடையாது, ‘8200ஐ’ என்ற மாடலில்தான் உண்டு. ஆயிரக்கணக்கில் நெகட்டிவ் வைத்திருப்பவருக்கு, என்னைக் கேட்டால், டிபிஐ வித்தியாசத்தைவிட இதுதான் முக்கியம். ஒவ்வொரு ஃபிரேமிலும் உட்கார்ந்து தூசு அழிப்பதற்குள் ஆசையே போய்விடும்.

ஆனால் கருப்பு வெள்ளையில் இது ஆகாது. அந்தப் படத்தில் இருப்பது வெள்ளி, அகச்சிவப்பை அது தடுத்துவிடும், படத்தையே தூசு என்று நினைத்து அரித்துவிடும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல்கள் உங்களிடம் இருந்தால் ஐஸை அணைத்துவிட்டுப் புளோயரை நம்புங்கள்.

பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள்

எது எந்த ஸ்கேனர் என்று தெரிந்தால் கண் பொய் சொல்லும், அதுவும் விலை அதிகமானதுக்குச் சாதகமாக. வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஃபைல்களுக்கு அ, ஆ என்று பெயர் மாற்றச் சொல்லுங்கள். திரையில் பார்த்த பிறகு, இரண்டையும் 8×12 பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துப் பாருங்கள். லேப்பில் கொடுக்கும்போது ‘கலர் கரெக்ஷன் எதுவும் வேண்டாம்’ என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஒருவர் உங்கள் சோதனையைச் சரிசெய்து கொடுத்துவிடுவார். கையில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் விலை குறைந்ததை வாங்குங்கள்.

இந்தப் போட்டியில் மூன்றாவதாக டிஜிட்டல் கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் சீரான வெள்ளை விளக்குத் தட்டும் இருந்தால், 35 எம்எம் ஃபிரேமுக்கு 4,200 டிபிஐ வாக்கில் பிக்சல் கிடைக்கும். வேகம் அதிகம். தூசு நீக்கம் கிடையாது. கேமரா ஃபிலிமுக்கு நேர் இணையாக நிற்க வேண்டும். ஃபிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்தால் போதும்.

பழைய கூல்ஸ்கேனை யாரிடமாவது வாங்கப் போகிறீர்களென்றால் சோதனைத் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். காசு கொடுப்பதற்கு முன் கல்யாண நெகட்டிவை ஒருமுறை ஓட்டி, விளிம்புக் கசிவைப் பாருங்கள். பிறகு ஃபிலிமின் படமில்லாத வெற்று முனையை ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றுங்கள். நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் சென்சாரிலோ அதன் வழியிலோ கோளாறு. கசிவு மட்டும்தான் என்றால் உள்கண்ணாடியைச் சுத்தம் செய்தால் தீரும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கோடு என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். அந்த மெஷினுக்கு நிக்கான் உதிரிப்பாகம் தருவது எப்போதோ நின்றுவிட்டது.